பன்னிரு பீரங்கி மேடை

உலகப் போரின் தலைவிதியைத் தீர்மானித்த களங்கள் என்று வரலாறு சொல்லக்கூடியவை மூன்றோ நான்கோதான். அவற்றுள் தலையாயது பெரோலித் தீவு. அன்று அங்கே நம்மவர் சிந்திய குருதி மட்டும் இல்லையென்றால், இன்று இந்துமாக்கடலுக்கே வேறு பெயர் இருந்திருக்கும்.

கௌரவ டாக்டர் மு. தணிகாசலம் எழுதிய ஆறு நூல்களும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆறும் ஒரே நூல், அட்டை மட்டும்தான் வேறு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக்கூடப் படித்தவர்கள் இல்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெரோலியில் சண்டை நடக்கவே இல்லை. இலங்கை கைவிட்டுப் போனால் கப்பல்களை ஒளித்து வைக்க ஓர் இடம் வேண்டுமென்று தேடிய பிரிட்டிஷார், வரைபடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்த இந்தத் தீவைப் பிடித்தார்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிவந்து எண்ணெய்த் தொட்டி, படகுத்துறை, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை என்று எழுப்பினார்கள். எதிரிக்கு மூச்சுக்கூடத் தெரியக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவு அவ்வளவு ஒழுங்காக நிறைவேறியதில் எதிரி கடைசிவரை வரவே இல்லை. வந்தது காய்ச்சல். புல்லில் இருந்த பூச்சி கடித்து, ஒரே மழைக்காலத்தில் கூலியாட்கள் கொத்துக்கொத்தாகப் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் துரைமார்கள் துருப்பிடித்த தொட்டிகளையும், குன்று போலக் குவிந்த பியர் பாட்டில்களையும், பல் டாக்டரின் நாற்காலி ஒன்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

அந்த நாற்காலியில்தான் இப்போது தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நூல்களில் அதற்குத் ‘தளபதியின் அரியணை’ என்று பெயர்.

“ஆக, இந்தச் சுவருக்குச் செவி உண்டு என்கிறீர்கள், அம்மையீர்” என்றார். மேடையில் பேசிப் பேசி, தண்ணீர் கேட்பதானாலும் அவருக்கு இந்தத் தமிழ்தான் வரும்.

“இருந்துச்சு சார். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு” என்றாள், அவர் அமர்த்திய ஒலிப்பதிவுக் கம்பெனியின் இன்ஜினியர் செண்பகவல்லி. “கான்கிரீட் ஊத்தின ஈரத்துல பக்கத்துல யார் பேசினாலும் அந்த அதிர்வுக்கு உள்ள இருக்கற மணல் கொஞ்சூண்டு நகரும். இறுகினதும் அப்படியே நின்னுரும். அந்த நகர்ந்ததைத்தான் இந்தப் பெட்டி தடவித் தடவிப் படிக்குது.”

அவள் காட்டிய பெட்டி சுவரில் பொருத்திய தண்டவாளத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. செண்பகம் இஸ்திரிப் பெட்டி என்றுதான் சொல்வாள்.

“நன்று. குண்டு விழும் ஓசை வேண்டும்.”

“குண்டு விழுறப்ப சுவர் காஞ்சிருக்கும் சார்.”

“சற்றே ஈரமாக இருந்திருக்கக் கூடாதா?”

“மேல குண்டு விழுந்துட்டிருக்கப்ப கீழ நின்னு யாராவது கான்கிரீட் ஊத்துவாங்களா?”

“தமிழன் ஊற்றுவான்” என்றார் தணிகாசலம்.

கடல்கடந்த வீரத்தமிழர் நினைவு அறக்கட்டளைக்கு அவர் தலைவர். வருஷா வருஷம் ஒரு கப்பல் நிறைய ஆட்களைக் கூட்டிவந்து இங்கே விழா நடத்துவார். விழா நடப்பது ‘பன்னிரு பீரங்கி மேடை’யில். தீவில் மற்றக் கட்டடங்களெல்லாம் கடல்மணலில் கட்டி உதிர்ந்து விழுந்துவிட, பின்னால் ஒரு சுவரும் முன்னால் முழங்கால் உயரத்தில் நீளமான மேடையுமாக இது ஒன்று மட்டும் நின்றது. மேடையில் வரிசையாகப் பன்னிரண்டு வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது என்பது தணிகாசலத்தின் கண்டுபிடிப்பு. கட்டளைக் கூடமும் அதுதான் என்பது இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. விழாவன்று பன்னிரண்டு துளைகளிலும் கொடிக்கம்பம் நட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, மாலை போடுவார்கள்.

நூல்களின் நாயகன் தூத்துக்குடிக் கரைக் கொத்தனார் சவரிமுத்து. எதிரிக் கப்பலைக் கண்டதும் எண்ணெய்த் தொட்டிக்குத் தன் கையாலேயே தீ வைத்து, “தமிழன் தலை சாயான்!” என்று முழங்கியபடி வெடித்துச் சிதறியவர். சவரிமுத்துவின் கல்லறை மேடைக்குப் பின்னால் காய்ச்சல்காரர்களோடு வரிசையில், முழுசாக இருந்தது. எண்ணெய்த் தொட்டியும் முழுசாகத்தான் இருந்தது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

நாளை விழா. இந்த வருஷம் டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. சவரிமுத்துவின் குரலைச் சுவரிலிருந்து எடுத்து உலகுக்கு ஒலிக்கச் செய்வதாக அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது.

*

பிற்பகலில் கூடாரத்துக்குள் ஒரு கிழவி நுழைந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குக் குடை, தோளில் போன வருஷத்துப் பொன்னாடை.

“நீதான் சவுண்டு இன்ஜினியரா? எந்த ஊருட்டி?”

“கோயில்பட்டி.”

“கடலமிட்டாய் கொண்டாந்தியா?”

“இல்லியேம்மா.”

“கோயில்பட்டின்னு சொல்லிக்கிட வெக்கமா இல்ல?” என்றபடி அவள் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தாள். “நான் தெரசம்மா. சவரிமுத்து மக.”

செண்பகம் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“உக்காருட்டி. நான் என்ன கலெக்டரா? முப்பது வருசம் தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சுல டிரங்கு கால் போட்டுக் குடுத்தவ. கல்கத்தாவுல இருக்க அப்பன் மகட்ட பேசுவான், ரங்கூன்காரன் பொஞ்சாதிட்ட பேசுவான். ஊர்ல உள்ள அத்தன அப்பன்மாரு கொரலும் எங்காது வழியாப் போயிருக்கு. எங்கப்பன் கொரலு மட்டும் வரல.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “இவரு எழுதினாருல்லா, தீ வச்சாரு, வெடிச்சாருன்னு. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கம்மா காய்ச்சல்னுதான் சொல்லுவா. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்.”

“சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் சண்டை. சண்டையில கப்பலேறிட்டாரு. நான் அப்போ வயித்துல. அம்மா சொல்லல, ரோசக்காரி. ‘சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு’ன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதா.” தெரசம்மாள் சுவரைப் பார்த்தாள். “நான் ஒருத்தி இருக்கேன்னு அவருக்குத் தெரியுமா? அது மட்டும் இந்தச் செவருக்குத் தெரியுமான்னு பாரு மக்கா. தெரியாதுன்னாலும் சொல்லிரு. நான் ஒண்ணும் மயங்கி விழ மாட்டேன்.”

“ஏதாவது கிடைச்சா ஓடி வரேன்மா” என்றாள் செண்பகம்.

கிடைத்தது. ஆனால் அவள் ஓடவில்லை.

சுவரில் நாலைந்து இடத்தில் விரிசல். அதனால் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. “தண்ணி ஊத்துலே.” “பலகையைப் பிடி, சாயுது பாரு.” மேஸ்திரியைப் பற்றிய சில வசவுகள். யாரோ கெட்ட ராகத்தில் மாதா பாட்டு. நடுவில் “ஏ சவரி” என்று ஒருவன் கூப்பிட, “என்னல” என்று ஒரு கட்டைக் குரல் பதில் சொன்னது. செண்பகம் ஒலியைக் கூட்டினாள். கடைசியாக ஊற்றிய சுவரின் உச்சிப்பக்கம் வந்தபோது பேச்சு தெளிந்தது.

“சவரி, கப்பல்ல அந்தோணி வந்துருக்காம்ல. ஊர்ச் சேதி கொண்டாந்துருக்கான்.”

“என்னலே அந்தோணி, எங்க வீட்டுக்காரிக்குக் கோவம் தீந்துச்சா?”

“கோவம் கெடக்கட்டும். அவ பெத்துட்டா.”

“யாரு?”

“உம் பொஞ்சாதிதாம்ல. யாருங்கான் பாரு.”

சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்த கரணை நின்றது.

“என்ன புள்ள?”

“பொண்ணு.”

“பொட்டையா?” என்றது கட்டைக் குரல். தொடர்ந்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஒரு துப்பல்.

சுவர் அதோடு முடிந்தது. அடுத்து ஊற்றியது மேடை. மேடைக்குத் தண்டவாளத்தை மாற்றிப் பொருத்த நேரமாகும். படித்து முடிக்கக் காலையாகிவிடும்.

செண்பகம் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எண்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த மனுஷிக்கு இதையா கொண்டுபோய்க் கொடுப்பது? அப்பனுக்கு நீ இருப்பது தெரியும்; தெரிந்ததும் துப்பினான்.

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் வந்தார். மேஸ்திரி வசவுகளைக் கேட்டார். முகம் சுருங்கியது.

“முழக்கம் எங்கே?”

“முழக்கம் இல்லை சார்.”

“குரல் இருக்கிறதல்லவா? குரல் இருந்தால் முழக்கம் எடுக்க முடியாதா? நீங்கள் வடபழனியில் டப்பிங் தியேட்டரில் இருந்தவராமே.”

இருந்தாள். பத்து வருஷம் ஒருத்தர் வாயில் இன்னொருத்தர் வார்த்தையைப் பொருத்தியிருக்கிறாள். இப்போது அதற்கு ஆள்கூட வேண்டாம். சவரிமுத்துவின் குரலில் நாலு வார்த்தை போதும், நானூறு வார்த்தை தைத்துவிடலாம். அவள் தயங்குவதைப் பார்த்துத் தணிகாசலம் சாட்டிலைட் போனில் கம்பெனியைப் பிடித்தார். மேனேஜர் சுருக்கமாகப் பேசினார்: “கஸ்டமர் கேக்கறதைக் குடுத்துரு செண்பா. அவங்க கைவசம் இன்னும் நாலு தீவு இருக்காம்.”

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், செண்பகம் அதற்குப் பயப்படவில்லை. அந்தத் துப்பலுக்குத்தான் பயந்தாள். கிழவியிடம் கொடுக்க வேறு ஏதாவது கையில் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அரை மணி நேரத்தில் தைத்து முடித்தாள். வேலை சுத்தமாக வந்தது. கொஞ்சம் கடற்காற்றும் சேர்த்தாள்.

மாலை ஒத்திகையில், “என் மக்களே! தமிழன் தலை சாயான்!” என்று ஒலிப்பெட்டிகள் அதிர்ந்தன. தணிகாசலம் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பலில் வாந்தியெடுத்துத் துவண்டு போயிருந்த அமைச்சரின் பிரதிநிதிகூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெரசம்மாள் முதல் வரிசையில் தலை சாய்த்துக் கேட்டாள்.

“நல்லாருக்கு” என்றாள், எதிர்வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி. “இன்னொருக்கா போடுட்டி.”

இன்னொரு தடவையும் கேட்டாள். பிறகு செண்பகத்தின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“மீட்டிங்குல பேசுற மாதிரியே இருக்கு. வீட்ல இருக்காப்ல பேசுனது ஒண்ணும் இல்லையா? சோறு கேட்டது, யாரையாவது வஞ்சது?”

“இன்னும் தெளியலம்மா” என்றாள் செண்பகம். முகம் பார்த்துச் சொல்லவில்லை.

“சரி மக்கா. நீயும் பாடுபடுத” என்று தட்டிக்கொடுத்தாள் தெரசம்மாள். அந்தத் தட்டு ஒரு அறையாக இருந்திருக்கலாம் என்று செண்பகத்துக்குத் தோன்றியது.

*

காலையில் இஸ்திரிப் பெட்டி மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருந்தது. மேடையில் மயிரிழை விரிசல்கூட இல்லை. திரையில் ஒலியலைகள் அவ்வளவு தெளிவாக நின்றன. இப்படி ஒரு கான்கிரீட்டை அவள் பார்த்ததே இல்லை. சத்தத்தை அவள் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். நேற்றைய பதிவைத் திறந்து, ‘பொட்டையா’வையும் துப்பலையும் மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டி எடுத்தாள். இப்போது “பொண்ணு” என்றதும் ஒரு நல்ல மௌனம் வந்தது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லாத மௌனம்.

அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். தணிகாசலம் செய்யச் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். அவர் சேர்த்தார், நான் கழிக்கிறேன். ரோஷமாக வந்தது. வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள். நேற்றுத் தைத்த முழக்கத்தைத் தேடிப்பிடித்து அழித்தாள். பிறகு போய்த் தெரசம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து மேடையின் விளிம்பிலேயே உட்கார வைத்தாள். விழாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. கொடிகள் மட்டும் பன்னிரண்டும் நட்டாகியிருந்தன.

“அம்மா, நேத்துப் போட்டது உங்கப்பா பேசினது இல்ல. நான் செஞ்சது. குரல் அவரோடது, வார்த்தை இவரோடது.”

தெரசம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நேத்து நிஜமும் கொஞ்சம் கிடைச்சது. அதுல ஒரு வார்த்தை உங்களுக்கு வருத்தமா இருக்கும். மீதி என்னன்னு எனக்கே தெரியாது. சேர்ந்தே கேக்கலாம்.”

ஹெட்போனை அவள் தலையில் மாட்டாமல், சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். கட்டைக் குரல் வந்தது. வீட்டுக்காரிக்குக் கோவம் தீந்துச்சா என்றது. அந்தோணி சேதி சொன்னான். கரணை நின்றது.

“பொட்டையா?”

துப்பல்.

செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஏதோ குலுங்கியது. திறந்து பார்த்தால் தெரசம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பின்ன? அந்தக் காலத்துல எவன்டி பொட்டப்புள்ளைக்குச் சீனி குடுத்தான்? இதாம்டி எங்கப்பன். நேத்துப் போட்டியே, அது எவனோ.” மூக்கைச் சிந்தினாள். “தெரிஞ்சிருக்கு பாரு. தெரிஞ்சுதான் துப்பிருக்காரு. மேல போடு, மேல போடு.”

மேடை பேசத் தொடங்கியது. முதலில் வெகுநேரம் கலவை கிளறும் சத்தம். பிறகு:

“யாரு மாதிரி இருக்காம்?”

“ஒன்ன மாதிரிதானாம். சப்ப மூக்கு.”

“அடப் பாவமே.”

சுற்றிலும் சிரிப்பு. தெரசம்மாள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“முடி இருக்காமா?”

“நான் எங்கல பாத்தேன்? எங்கக்கா சொன்னா.”

“ஒங்கக்கா முடியப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியா?”

“சொல்லல.”

“வேற என்னதாம்ல சொன்னா? அழுதுச்சாமா? சத்தமா?”

“தெருவே முழிச்சுட்டாம்.”

“அப்போ அவ அம்மைய மாதிரி” என்றது குரல். மறுபடி கலவை. மறுபடி நின்றது. “பேரு வச்சாச்சா?”

“தெரசம்மான்னு வச்சிருக்காவ.”

கொஞ்ச நேரம் அலையடிக்கும் சத்தம் மட்டும். எண்பது வருஷத்துக்கு முந்தைய அலை எது, இப்போது அடிக்கும் அலை எது என்று செண்பகத்தால் பிரிக்க முடியவில்லை.

“தெரசம்மா” என்றது குரல், யாரிடமும் சொல்லாமல். வாயில் போட்டு ருசி பார்ப்பது மாதிரி இன்னொரு தடவை. “தெரசம்மா.”

“லைன்ல இருக்கேன், பேசுங்க” என்றாள் தெரசம்மாள்.

முப்பது வருஷத்துப் பழக்கம். வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பொன்னாடையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். செண்பகம் நிறுத்தப் போனாள். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

“ஏல” என்றது குரல், இப்போது அதட்டலாக. “கலவையில இன்னொரு மூட்டை போடு.”

“துரை எண்ணி வச்சிருக்கான். தோலை உரிச்சுருவான்.”

“உரிக்கட்டும். இன்னொரு மூட்டை போடு. எம்மக பெரியவளாயி என்னைக்காச்சும் இந்தப் பக்கம் வரும். எங்கப்பன் கட்டுனதுன்னு பாக்கும். அது வரைக்கும் இது நிக்கணும்லா.”

“எது? இதையா வந்து பாக்கணும்?” என்றான் அந்தோணி. சிரிப்பு கிளம்பியது. நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. “பாத்து வரச் சொல்லு மாப்ள. காலையில துரைமாரு பன்னெண்டு பேரும் வரிசையாக் குந்திட்டு இருக்கப்ப வந்து நின்னுரப் போவுது!”

“வந்தா எந்திரிச்சு நிக்கட்டும்ல. மரியாதையா” என்றது சவரிமுத்துவின் குரல். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதோடு கான்கிரீட் இறுகிவிட்டது.

செண்பகம் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். தெரசம்மாளும் பார்த்தாள். முழங்கால் உயரம். பன்னிரண்டு வட்டத் துளைகள். வரிசையாக, ஒரே அளவு இடைவெளியில். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி படபடத்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது.

“பதினஞ்சு வருசமாட்டி” என்றாள் தெரசம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “பதினஞ்சு வருசமா மால போட்டுக் கும்புட்டுருக்கோம்.”

கூடாரத்து ஓரத்தில் யாரோ செருமினார்கள். தணிகாசலம். பட்டு வேட்டி, சந்தனம், கையில் உரைக் காகிதம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முழுக்கக் கேட்டிருந்தார்.

“அந்த முழக்கத்தை அழிச்சுட்டேன் சார்” என்றாள் செண்பகம்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேடையில் உட்காரப் போய், துளையைப் பார்த்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்தார்.

“அம்மா” என்றார். அவர் குரலில் முதல் தடவையாகச் சாதாரணத் தமிழ் வந்தது. “எங்கம்மாவோட தாய்மாமன் ஒருத்தர் பின்னால மூணாவது வரிசைல கிடக்கார். பேரைக்கூடத் தப்பா வெட்டியிருக்கான். காய்ச்சல்தான். காய்ச்சல்ல இத்தனை பேர் செத்தாங்க, ஒரு கல்லாவது வைங்கன்னு வருஷக்கணக்கா ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கினேன். உட்காருன்னு ஒருத்தன் சொல்லல. வீரச்சாவுன்னு சொன்ன அன்னைக்குத்தான் எனக்கு டீ வந்துச்சு.” காகிதத்தை மடித்தார், பிரித்தார். “காய்ச்சலுக்கு யாரும் மாலை போட மாட்டாங்கம்மா. கப்பல் விட மாட்டாங்க. கப்பல் விட்டதாலதானே நீங்க இங்க வந்து இவர் குரலைக் கேட்டீங்க?”

அவர் சொன்னதில் பொய் எது என்று செண்பகம் தேடிப் பார்த்தாள்; இந்த ஒரு தடவை எதுவும் இல்லை.

“அது சரிதான்” என்றாள் தெரசம்மாள். “கப்பலுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா எங்கப்பன் சொன்னதைச் சொல்லும். சொல்லாததைச் சொல்லாதேயும்.”

“அவர் சொன்னதை மேடையில எப்படிம்மா சொல்றது?”

“அது ஒம்ம பாடு. பேச்சாளர்லா?”

*

விழா தொடங்கியது. கேமராக்கள் திரும்பின. தணிகாசலம் குருதி, கடல், காலம் என்று வழக்கமான பாதையில் ஏறினார். அமைச்சரின் பிரதிநிதி ஒரு கையால் மைக் கம்பத்தையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். செண்பகம் ஒலிப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், போடுவதற்கு ஒன்றும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எண்ணெய்த் தொட்டி வந்தது. தணிகாசலம் தயங்கினார். தீ வைக்காமல் அதைக் கடந்து போனார். கூட்டத்தில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரிசையில் தெரசம்மாளைப் பார்த்தார்.

“தன் மகள் பிறந்த சேதி கேட்ட அந்த நாளில், இதோ இந்த இடத்தில் நின்றுகொண்டு, சவரிமுத்து என்ன சொன்னார் தெரியுமா?” உரைக் காகிதத்தை மடித்தார். “இன்னொரு மூட்டை போடு என்றார்!”

கைதட்டல் எழுந்து அடங்கவே மாட்டேன் என்றது. மூட்டை என்றால் வெடிமருந்து மூட்டை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மதியத்துக்குள் டி.வி.யின் அடியில் ‘இன்னொரு மூட்டை போடு! மாவீரனின் முழக்கம்’ என்று எழுத்து ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷத்துப் பனியனுக்கு அந்த இடத்திலேயே யாரோ ஆர்டர் கொடுத்தார்கள். தணிகாசலம் இரண்டு தடவை கையை உயர்த்தி விளக்கம் சொல்லப் பார்த்தார். அந்த உயர்த்திய கைக்கும் சேர்த்துத் தட்டினார்கள். அவர் செண்பகத்தைப் பார்த்து, நான் சொல்லிவிட்டேன், இனி என் கையில் இல்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது வரிசையில் கிடக்கும், தன் அம்மாவுடைய தாய்மாமனின் பெயரையும் அவர் அன்றைக்குச் சொன்னார். சரியான பெயரை. காய்ச்சலில் இறந்தார் என்று சொன்னபோது யாரும் தட்டவில்லை. தெரசம்மாள் மட்டும் தட்டினாள்.

கடைசியில் மாவீரனின் மகளை மாலை போட அழைத்தார்கள். வெல்வெட் நாற்காலி ஒன்று தயாராக இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். மாலையைக் கழுத்தில் தானே போட்டுக்கொண்டாள். இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே, மேடையில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துக் கான்கிரீட்டைத் தடவினாள். உச்சி வெயிலுக்கு அது கதகதவென்று இருந்திருக்க வேண்டும். கையை எடுக்கவே இல்லை.

அமைச்சரின் பிரதிநிதி பதறிக் குனிந்தார். “அம்மா, அது புனித மேடை. அதுல உட்காரக் கூடாது.”

“உக்காரத்தான் கட்டிருக்காவ” என்றாள் தெரசம்மாள்.

அது அதிகாரிகளின் கக்கூஸ்.